குறுக்குப் பிடித்தவருக்கு ஆறு வாரம்: ஒத்தக்கடை மளிகைக்காரருக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். வயது 44. ஒத்தக்கடையில் மளிகைக் கடை. ஒன்பது நாள்களுக்கு முன்பு, கடைக்கு வந்திறங்கிய அரிசிச் சிப்பங்களில் கடைசிச் சிப்பத்தைத் தூக்கித் திரும்பியபோது குறுக்கில், அதாவது கீழ்முதுகில், சுரீர் என்றது. அப்படியே மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். மருத்துவர் பார்த்தார். தசைப்பிடிப்புதான், எலும்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்து, ‘ரெஸ்ட் எடுங்கள்’ என்று அனுப்பிவிட்டார். குழப்பமெல்லாம் அந்த ஒரு சொல்லில் தொடங்கியிருக்கிறது. ஒரு மாதம் பாயை விட்டு எழக்கூடாது என்கிறார் அம்மா. ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்கிறார் மைத்துனர். பக்கத்துக் கடைக்காரர் இடுப்பு பெல்ட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அத்தையோ, பிறக்கும்போது கால் முதலில் வெளியே வந்த பையன் ஒருவன் தெருவில் இருக்கிறான், அவனைக் கூட்டிவந்து குறுக்கில் உதைக்கச் சொன்னால் ஒரே உதையில் போய்விடும் என்கிறார். எட்டு நாள் படுத்திருந்து நேற்று எழுந்தீர்கள். முன்னைவிட மோசமாக இருக்கிறது. எப்படிக் குளிப்பது, வண்டி ஓட்டலாமா, கடையை எப்போது திறப்பது, இனிமேல் சிப்பம் தூக்கவே முடியாதா?

நான் மதுரையில் 22 ஆண்டுகளாக இயன்முறை மருத்துவம் செய்கிறேன். அத்தையின் யோசனைக்குக் கடைசியில் வருகிறேன்.

அதற்கு முன் சிலவற்றை ‘இல்லை’ என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். சிறுநீர் வர மறுக்கிறதா, அல்லது அறியாமலே போகிறதா? உட்காரும் இடத்திலும் தொடையிடுக்கிலும் மரத்துப்போனதுபோல் இருக்கிறதா? நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று விழும்படி ஒரு பாதம் தொங்குகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108ஐ அழைத்து, பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். மாலைக் காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, படுத்தாலும் அடங்காத இரவு வலி ஆகியவை வேறு வகை. முதுகெலும்பில் வரும் காசநோய் நம் நாட்டில் இன்றும் இருக்கிறது, அதைத் தசைப்பிடிப்பு என்று மாதக்கணக்கில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்பு புற்றுநோய் வந்தவர், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர், வழுக்கி விழுந்த முதியவர் ஆகியோரும் மருத்துவரிடம் மறுபடி போக வேண்டும். இன்னொன்று: விலாவுக்குக் கீழே தொடங்கித் தொடையிடுக்கு வரை அலையலையாக இறங்கி, எந்தப் பக்கம் புரண்டாலும் அடங்காத வலி என்றால் சிறுநீரகக் கல்லையும் நினைக்க வேண்டும். மதுரை வெயிலில் நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைத்துக் குடிக்கும் கடைக்காரர்களுக்கு இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

இவை எதுவும் இல்லையென்றால் உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் குறுக்குத் தசையிலும் தசைநாரிலும் ஏற்பட்ட சிறு கிழிசல். அதைச் சுற்றியுள்ள தசைகள் இறுகிக்கொண்டிருக்கின்றன. அந்த இறுக்கம் உடம்பு தானே போட்டுக்கொண்ட கட்டு. ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறீர்கள் என்றால் அதற்கும் இதுதான் காரணம்; முதுகெலும்பு இடம் மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலானவர்களுக்கு நான்கிலிருந்து ஆறு வாரத்தில் நன்றாகத் தேறிவிடும். நேர்க்கோடாகத் தேறாது. இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் பிடித்துக்கொள்ளும், மறுபடி விடும்.

இப்போது அந்த ‘ரெஸ்ட்’. எட்டு நாள் படுத்திருந்தது உங்கள் தவறில்லை. ஒரு காலத்தில் நாங்களே வாரக்கணக்கில் படுக்கவைத்தோம். 1995ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களில் திடீர் முதுகுவலி வந்த 186 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் இரண்டு நாள் முழுப் படுக்கை. இன்னொரு பிரிவினருக்கு முதுகுப் பயிற்சிகள். மூன்றாம் பிரிவினரிடம், வலி பொறுக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். முதலில் தேறியவர்கள் மூன்றாம் பிரிவினர். கடைசியில் தேறியவர்கள் படுத்திருந்தவர்கள். பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் எனக்கு இந்த முடிவு கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது. ஆனாலும் முதல் இரண்டு வாரத்துக்கு நான் யாருக்கும் நீளமான பயிற்சிப் பட்டியல் கொடுப்பதில்லை.

படித்துத் தெரிந்துகொள்வது வேறு, பட்டுத் தெரிந்துகொள்வது வேறு. சில ஆண்டுகளுக்கு முன், மாவு அரைத்து முடித்த கிரைண்டரின் பாத்திரத்தை மாவோடு தூக்கித் திரும்பினேன். அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் எப்படித் தூக்குவது என்று சொல்பவள், சமையலறைத் தரையில் மாவுக் கையோடு அரை மணிநேரம் கிடந்தேன். அதன்பின் நான் செய்த காரியம் என்ன தெரியுமா? நான்கு நாள் படுத்துக்கொண்டேன். எழுந்திருக்க நினைக்கும்போதெல்லாம் வலித்தது, வலித்ததால் படுத்தேன், படுத்ததால் இன்னும் இறுகியது. ஐந்தாம் நாள் என் மாமியார், ‘காய்கறிக்காரர் வந்திருக்கிறார், வாசல் வரைக்குமாவது வந்து பார்’ என்றார். வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்த அந்த இருபது அடியில்தான் என் குறுக்கு முதன்முதலாக இளகியது.

ஆகவே வேலையை நிறுத்த வேண்டாம். வேலையைச் சில்லறையாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் ஒரு மணிநேரம் செய்ததைப் பத்து நிமிடம் பத்து நிமிடமாகச் செய்யுங்கள். வலி கொஞ்சம் கூடினால் பயப்படாதீர்கள். அடுத்த நாள் காலையிலும் அந்தக் கூடுதல் அப்படியே இருந்தால் நேற்றுச் செய்தது அதிகம் என்று பொருள். இரவுக்குள் அடங்கிவிட்டால் சரியான அளவு. எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் இதுதான்.

நாளின் முதல் சோதனை பாயிலிருந்து எழுவது. மல்லாந்து படுத்திருப்பவர் அப்படியே நேராக எழுந்து உட்காரப் பார்ப்பார்; அங்கேதான் வெட்டும். முதலில் முழங்கால்களை மடக்குங்கள். தோளும் இடுப்பும் சேர்ந்தே திரும்பும்படி, மரக்கட்டையை உருட்டுவதுபோல ஒருக்களித்துப் படுங்கள். மேலே இருக்கும் கையை நெஞ்சுக்கு முன்னால் ஊன்றி, கவிழ்ந்து, குழந்தை தவழ்வதுபோலக் கையும் முட்டியுமாக நில்லுங்கள். அங்கேயே இரண்டு மூச்சு விடுங்கள். இரவே தலைமாட்டில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் அதன் முதுகு சுவரில் முட்டியிருக்கட்டும், இல்லாவிட்டால் வழுக்கிவிடும். அதன் இருக்கையில் இரு கைகளையும் வைத்து, ஒரு காலை முன்னால் ஊன்றி, அந்தக் காலில் பாரத்தைப் போட்டு எழுங்கள். படிக்கும்போது நீளமாகத் தெரியும். மூன்றாம் நாள் தானாக வந்துவிடும். கட்டில் இருந்தால் இன்னும் சுலபம்: ஒருக்களித்து, இரு கால்களையும் கட்டிலுக்கு வெளியே விட்டுக்கொண்டே கையால் தள்ளி எழலாம்.

பாயா மெத்தையா என்று பலர் கேட்கிறார்கள். தரையில் படுத்தால்தான் முதுகு நிமிரும் என்பது நம் ஊர் நம்பிக்கை. நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 313 பேரை வைத்து ஸ்பெயினில் நடத்திய ஆய்வு 2003இல் வெளியானது. கல் போன்ற மெத்தையைவிட நடுத்தரக் கடினமுள்ள மெத்தையில் படுத்தவர்களே நன்றாக இருந்தார்கள். வீட்டில் போடிப் பக்கத்து இலவம்பஞ்சு மெத்தை குழி விழாமல் இருந்தால் அது போதும். புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. மல்லாந்து படுத்தால் முழங்காலுக்குக் கீழே.

இனிக் குளியல். வாளியைத் தரையில் வைத்துக்கொண்டு மக்கால் மொண்டு ஊற்றுகிறோமே, ஒரு குளியலுக்கு எத்தனை தடவை குனிந்து நிமிர்கிறோம் என்று நாளைக்கு எண்ணிப்பாருங்கள். முப்பதுக்குக் குறையாது. அதுவும் வழுக்கும் தரையில், ஒரு பக்கமாகத் திரும்பிக் குனிவது. மளிகைக் கடையில் மூட்டை தூக்குவதை நிறுத்திவிட்டுக் குளியலறையில் முப்பது தடவை முறுக்கிக்கொண்டால் எப்படி விடும்? ஒரு முக்காலியைப் போட்டு, அதன் மேல் காலி வாளியை வைத்து, குழாயிலிருந்து ஒரு ரப்பர் டியூபைச் செருகி அங்கேயே நிரப்புங்கள். நிரம்பிய வாளியைத் தூக்கி முக்காலியில் வைக்காதீர்கள். அப்படிச் செய்துவிட்டு என்னிடம் திரும்பி வந்தவர்கள் உண்டு. பாதம் தேய்க்கக் குனிய வேண்டாம், இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து காலை மேலே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்குப் பாதத்தில் அழுக்கு இருந்தால் குடி முழுகிவிடாது. உடை விஷயத்தில் வேட்டி கட்டுபவருக்கு ஆதாயம், நின்றபடியே கட்டலாம். பேண்ட் என்றால் உட்கார்ந்து போடுங்கள்.

கழிப்பறையில் குந்த முடிந்தால் குந்தலாம், தவறில்லை. எழும்போது பிடிக்கச் சுவரில் ஏதாவது இருக்க வேண்டும். வலிக்கிறதே என்று மலத்தை அடக்குவதுதான் கெடுதல். சில வலி மாத்திரைகளும் மலத்தை இறுக்கும். முக்கும்போது குறுக்கில் இரட்டை அழுத்தம். ஆகவே தண்ணீர், கீரை, பழம். தும்மல் வந்தால் சட்டென்று ஒரு கையைச் சுவரிலோ மேசையிலோ ஊன்றி, முழங்காலைச் சற்று மடக்கி, வயிற்றை இறுக்கிக்கொண்டு தும்முங்கள். மிளகாய் வற்றல் மூட்டைக்குப் பக்கத்தில் உட்காரும் உங்களுக்கு இது பயன்படும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தொழிலில் அதுதான் பெரிய கண்ணி: கடை ஷட்டர். முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டுகள், நம் ஊரில் ஜவ்வு என்பது, இரவு படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. காலையில் நாம் எல்லோருமே மாலையைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரம். உப்பிய தட்டு குனிவதை விரும்பாது. அதிகாலையில் குனிவதைத் தவிர்த்தாலே முதுகுவலி குறைகிறது என்று 1998இல் ஓர் ஆய்வு காட்டியது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? விடிந்தும் விடியாமலும் கடைக்குப் போய், தரையோடு தரையாக இருக்கும் பூட்டைக் குனிந்து திறந்து, துருப்பிடித்த ஷட்டரை அதே குனிந்த நிலையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேலே தள்ளுகிறீர்கள். ஒரு சிப்பம் 25 கிலோ என்று உங்களுக்குத் தெரியும். சிக்கிக்கொண்ட ஷட்டர் எத்தனை கிலோ இழுக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆறு வாரத்துக்குக் கடைப் பையனோ பக்கத்துக் கடைக்காரரோ திறக்கட்டும். பெல்ட் வாங்கிக் கொடுத்த அந்த நல்ல மனிதர் இதையும் செய்வார். ஷட்டரின் ஓரங்களுக்கு எண்ணெயும் போட்டுவிடுங்கள். வாசல் பெருக்கி, சாணம் தெளித்து, கோலம் போடும் பெண்களுக்கும் இதே கதைதான். குறுக்குப் பிடித்திருக்கும் வாரங்களில் கோலத்தைக் கொஞ்சம் தாமதமாகப் போட்டால் லட்சுமி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கடைக்கு எப்போது போகலாம் என்றால், நாளைக்கே போகலாம். காலையில் இரண்டு மணிநேரம், மாலையில் இரண்டு மணிநேரம். கல்லாவில் தரைப்பலகையில் சம்மணம் போட்டு உட்காரும் பழக்கம் இருந்தால் இப்போதைக்கு விட்டுவிட்டு, கைப்பிடி உள்ள நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். குறுக்கின் பள்ளத்தில் சுருட்டிய துண்டு ஒன்று. இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே மாதிரி உட்காராதீர்கள், நிற்கவும் வேண்டாம். நின்று எடை போடும்போது ஒரு காலை எண்ணெய் டின் உயரத்துக்கு ஏதாவதொன்றின் மேல் வைத்து, மாற்றி மாற்றி நில்லுங்கள். எடுத்துக் கொடுக்கும் சாமான்களில் அதிகம் ஓடுபவற்றை இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவிலுள்ள தட்டுக்கு மாற்றுங்கள். உளுந்தும் சர்க்கரையும் தரையில் கிடக்க, யாரும் கேட்காத ஜவ்வரிசி கண் மட்டத்தில் இருக்கும் கடைகள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வண்டி. முதல் இரண்டு வாரம் இருசக்கர வாகனம் வேண்டாம். ஓட்டுவதைவிட அதைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி இறக்குவதுதான் மோசம்; அதன்பிறகும் சைடு ஸ்டாண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழமாசி வீதிக்குச் சரக்கு எடுக்கப் போக வேண்டுமென்றால் பஸ்ஸில் போங்கள். பின் சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கைகளிலும் கடைசி வரிசையிலும் உட்காராதீர்கள், ஒவ்வொரு வேகத்தடையும் குறுக்கில் வந்து இறங்கும். ஷேர் ஆட்டோவில் பத்தாவது ஆளாக ஒண்டிக்கொண்டு போவதற்கு, நடந்தே போகலாம். பெல்ட்டை இப்படிப்பட்ட பயணங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். போட்டால் தெம்பாக இருக்கும், அவ்வளவுதான். குணப்படுத்தாது. நாள் முழுக்கக் கட்டிக்கொண்டிருந்தால் கழற்றவே பயம் வந்துவிடும்.

ஒத்தடம் நல்லது. வெந்நீர்ப் பையோ, வாணலியில் வறுத்துத் துணியில் கட்டிய கல்லுப்போ, நொச்சி இலை போட்டுக் கொதித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியோ, எல்லாம் செய்வது ஒன்றுதான், சூட்டைக் கொடுப்பது. பதினைந்து இருபது நிமிடம். முன்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு வைக்க வேண்டும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள் இரு மடங்கு கவனமாக. ஒத்தடம் எடுத்த கையோடு படுத்துவிடாமல் வீட்டுக்குள் நான்கு நடை நடந்தால் அந்த இளக்கம் வீணாகாது. இதமாக எண்ணெய் தேய்த்து நீவி விடுவதிலும் தவறில்லை. முதுகில் ஏறி மிதிப்பது, கழுத்தையும் இடுப்பையும் பிடித்துச் சொடக்கு எடுப்பது, இவை வேண்டாம்.

மாத்திரை தீர்ந்ததும் பழைய அட்டையைக் காட்டி மருந்துக் கடையில் மறுபடி வாங்காதீர்கள். வலி மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் தொடுபவை. வெயில் காலத்தில் தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு இன்னும் கூடுதலாக. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொட்டலப் பொடி அறவே கூடாது. ‘வாய்வுப் பிடிப்பு’ என்று சொல்லி உருளைக்கிழங்கையும் பருப்பையும் நிறுத்தியிருந்தால் மறுபடி தொடங்குங்கள். துவரம்பருப்பு விற்பவர் துவரம்பருப்புக்குப் பயப்படலாமா?

மைத்துனர் சொல்லும் ஸ்கேன். முதுகுவலியே இல்லாதவர்களைப் படமெடுத்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கணக்குப் போட்டார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 30 பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. எண்பது வயதில் 84 பேருக்கு. வலி இல்லாதவர்கள் இவர்கள்! ஆகவே உங்களைப் படமெடுத்தால் அதில் ஏதாவது இருக்கத்தான் செய்யும். அந்தக் காகிதத்தைப் பார்த்த அன்றிலிருந்து ‘எனக்கு ஜவ்வு விலகிவிட்டது’ என்று ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் குடத்தைத் தூக்கவும் குழந்தையைத் தூக்கவும் பயம். நான் மேலே சொன்ன அபாய அறிகுறிகள் இருந்தாலோ, கால் வரை இறங்கும் வலியோடு பலவீனம் கூடிக்கொண்டே போனாலோ, ஆறு வாரமாகியும் அசையவில்லையென்றாலோ எடுக்கலாம். அதுவரை அந்தப் பணம் கல்லாவில் இருக்கட்டும்.

உடம்பைவிடச் சிரமமானது ஊர். பார்க்க வருபவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்; தலையாட்டிவிடுங்கள். கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுதிவிட்டு, மேசைப் பந்தியில் சாப்பிட்டு வந்துவிடலாம். கேதத்துக்குப் போவதுதான் சங்கடம். எல்லோரும் தரையில் உட்கார்ந்திருக்கும்போது நாம் மட்டும் நாற்காலி கேட்பது மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று கூசி, ஒரு மணிநேரம் சம்மணம் போட்டு, பிறகு இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்த வேண்டிய நிலைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். துக்க வீட்டில் கவனம் உங்கள் பக்கம் திரும்புவதைவிட, வாசலிலேயே நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்வது மரியாதை. கோயிலுக்குப் போகலாம்; விழுந்து கும்பிடுவதைக் கொஞ்ச நாள் கைகூப்பலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்ட இன்னொன்றும் இருக்கும்: தாம்பத்தியம். வலி இடம் கொடுத்தால் தடையே இல்லை. ஒருக்களித்த நிலை எளிது. வலித்தால் நிறுத்திக்கொள்ளலாம், அதனால் எதுவும் உடைந்துவிடாது.

அப்படியே உங்கள் மனைவியின் குறுக்கையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் படுத்திருந்த எட்டு நாளும் தண்ணீர்க் குடங்களையும் சிலிண்டரையும் யார் தூக்கியது? எரிவாயு 14.2 கிலோ, இரும்பு அதற்குச் சற்று மேலே. நிறைந்த சிலிண்டர் முப்பது கிலோவைத் தொடும். உருட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். இடுப்பில் ஒரு பெரிய குடம் வைத்துச் சாய்ந்து நடப்பதைவிட, இரு கைகளிலும் இரண்டு சிறிய குடங்கள் நல்லது. ஒரு வீட்டில் ஒருவர் தேறும்போது இன்னொருவர் விழுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

இனி நடை. உங்களுக்கு நான் கட்டாயமாகச் சொல்லும் ஒரே பயிற்சி இதுதான். இன்றைக்கு ஐந்து நிமிடம், மூன்று தடவை. இரண்டு நாளுக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கூட்டுங்கள். எழுந்து ஒரு மணிநேரம் கழித்து, வெயில் ஏறுவதற்குள். ஒத்தக்கடையில் இருப்பவருக்கு நடக்க இடமா இல்லை? யானைமலையைப் பார்த்துக்கொண்டே நரசிங்கம் கோயில் பக்கம் நடந்து திரும்பலாம். முதல் வாரத்தில் பாதி வழியிலேயே திரும்பிவிடுங்கள், கல்வெட்டைப் பார்க்கக் குனியாதீர்கள். நகருக்குள் இருப்பவர்களை நான் வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு அனுப்புவேன்: ஒரு பக்கம் ஏறக்குறைய ஆயிரம் அடி, ஒரு சுற்று ஒரு கிலோமீட்டரைத் தாண்டும், கால் வலித்தால் உட்காரச் சுவர் இருக்கிறது. தேறியபிறகும் நடையை விடாதீர்கள். முதுகுவலி வந்து தேறிய 701 பேரைப் பின்தொடர்ந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2024இல் லான்செட் இதழில் வெளியானது. வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணிநேரம் என்பதை இலக்காக வைத்துப் படிப்படியாக நடை பழகியவர்களுக்கு வலி திரும்பி வர எடுத்துக்கொண்ட காலத்தின் நடுமதிப்பு 208 நாள்; நடை பழகாதவர்களுக்கு 112 நாள்.

சிப்பம் தூக்க முடியுமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. முடியும். பரவைச் சந்தையில் சுமை தூக்கும் ஒருவர் என்னிடம் வந்திருந்தார். முப்பது ஆண்டுகளாக மூட்டை தூக்கியவர், குறுக்குப் பிடித்ததோ கீழே விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தபோது. மூட்டைக்கு அவர் தயாராகிறார்: கால் அகட்டுகிறார், மூச்சுப் பிடிக்கிறார், மூட்டையை உடம்போடு சேர்த்து அணைக்கிறார். துண்டுக்கு யார் தயாராவார்கள்? உங்களுக்கும் பிடித்தது முதல் சிப்பத்தில் இல்லை, கடைசிச் சிப்பத்தில். தூக்கும்போதுகூட இல்லை, தூக்கித் திரும்பும்போது. களைப்பும் முறுக்கும் சேர்ந்த இடம் அது. ஆகவே திரும்புவதென்றால் இடுப்பைத் திருப்பாதீர்கள், பாதங்களை நகர்த்தித் திரும்புங்கள். ஐந்து சிப்பத்துக்கு ஒருமுறை ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரமாவது நில்லுங்கள். சிப்பங்களைத் தரையில் அடுக்காமல், முட்டி உயரத்துக்கு ஒரு பலகை போட்டு அதன் மேல் அடுக்குங்கள். இது ஒன்றுக்காகத் தச்சரைக் கூப்பிட்டாலும் தகும்.

கணக்கு வேண்டுமென்றால், இது என் பட்டறிவில் வந்தது: இரண்டாம் வாரம் முடியும்வரை இரண்டு கிலோ பொட்டலத்துக்கு மேல் வேண்டாம். மூன்றாம் வாரம் ஐந்து கிலோ பை. நான்காம் வாரம் பத்து. அரைச் சிப்பம் ஐந்தாம் வாரம், அதுவும் மேசை உயரத்திலிருந்து. முழுச் சிப்பம் ஆறாம் வாரத்துக்குப் பிறகு, ஒரு நாளைக்கு ஒன்று, பிறகு இரண்டு. ஒவ்வொரு படியிலும் மறுநாள் காலையைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

நான் பயப்படும் நாள் ஒன்று இருக்கிறது. உங்களுக்கு அது மூன்றாம் வாரத்தில் ஏதோ ஒரு நாள் வரும். காலையில் எழுவீர்கள், வலியே இருக்காது. சரக்கு லாரி வந்து நிற்கும். கடைப் பையன் டீ குடிக்கப் போயிருப்பான். ‘எல்லாம் போய்விட்டதே’ என்று கை தானாகச் சிப்பத்துக்குப் போகும். வலி போய்விட்டது, தசை இன்னும் கூடவில்லை. இரண்டும் ஒரே நாளில் நடப்பதில்லை. என்னிடம் இரண்டாம் முறை வருபவர்களைக் கேட்டால் பாதிப் பேர் இந்த நாளைத்தான் சொல்கிறார்கள். லாரிக்காரர் காத்திருக்கட்டும், பையன் டீயை முடித்துவிட்டு வரட்டும்.

கடைசியாக, கால் முதலில் பிறந்த அந்தப் பையன். என் பாட்டியும் இதை நம்பினார். இப்படி உதை வாங்கிய பெரியவர்களைச் சிறுவயதில் எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். இறுகிக் கிடக்கும் தசையில் உதைத்தால் இன்னும் இறுகும், அதனால் உதை வேண்டாம். ஆனால் அத்தை மனம் நோகவும் வேண்டாம். பையனை வரச் சொல்லுங்கள். நீங்கள் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்துகொள்ளுங்கள், அவன் கால் கட்டைவிரலால் குறுக்கை லேசாகத் தொட்டுவிட்டு எடுக்கட்டும். அத்தைக்குத் திருப்தியாகிவிடும். பையனுக்கு நான்கு கடலை மிட்டாய் கொடுத்தனுப்புங்கள். மிட்டாய் பாட்டிலைத் திறக்கக் குனிய வேண்டியிருந்தால் அவனையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.